முக்கால் நொடி

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சு டாக்டர்."

எலும்பு முறிவுப் பிரிவுக்கு ஸ்ட்ரெச்சரில் வந்து சேரும் எழுபது வயதுக்காரர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது வாக்கியம் கூட வந்த மகனுடையது: "சும்மா உட்காருங்கப்பான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேட்டாத்தானே!" இரண்டையும் அப்படியே நம்பிவிடுகிறோம். வழுக்கியது, விழுந்தார்; உட்கார்ந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார். கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் முதல் வாக்கியம் பல சமயங்களில் உண்மையல்ல. இரண்டாவது அதைவிட மோசம்: அது அப்பாவை அடுத்த முறை விழுவதற்குத் தயார்செய்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். தற்செயல் காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நம்மைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில். அறுபதைத் தாண்டியவர்களே அதிகம். சாலையில் ஒருவர் அடிபட்டால் போலீஸ் வருகிறது, டேப் பிடித்து அளக்கிறது, வழக்குப் பதிகிறது. வீட்டுக்குள் விழுந்தவருக்கோ "வயசாயிடுச்சுல்ல" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

விசாரணை சரியாக நடக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாட்சி கிடையாது. விழுந்தவரே ஒரே சாட்சி, அவருக்கும் நினைவிருக்காது. நின்ற நிலையிலிருந்து இடுப்பு தரையைத் தொட ஏறத்தாழ முக்கால் நொடிதான் ஆகிறது. அதற்குள் என்ன நடந்தது என்று மனம் பதிவுசெய்து முடிப்பதற்குள் ஆள் தரையில் கிடக்கிறார். பிறகு "எப்படி விழுந்தீங்க?" என்று பத்துப் பேர் கேட்கும்போது, நம்பும்படியாக ஒரு கதையை மனம் கட்டிக்கொடுக்கிறது. வழுக்கிவிட்டது என்பது கௌரவமான கதை. பழி தரைமேல் போய்விடும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ராபினோவிச் இதற்கு ஒரு வழி கண்டார். முதியோர் பராமரிப்பு இல்லங்கள் இரண்டில், சாப்பாட்டுக் கூடம், வரவேற்பறை, நடைபாதை போன்ற பொது இடங்களில் கேமராக்களை வைத்தார். யாரையும் விழவைக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. 2007 முதல் 2010 வரை கேமராக்கள் பார்த்துக்கொண்டே இருந்தன. 130 பேர், 227 முறை விழுந்த காட்சிகள் சிக்கின. அவரும் குழுவினரும் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்து வகைபிரித்தார்கள். முடிவு 2013 இல் 'லான்செட்' இதழில் வெளியானது.

வழுக்கி விழுந்தவர்கள் 3 சதவீதம்.

கால் இடறியவர்கள் 21 சதவீதம். எதன் மீதோ யார் மீதோ மோதியவர்கள் 11. பிடித்திருந்த பிடி நழுவியவர்கள் 11. மயங்கிச் சரிந்தவர்கள் இன்னொரு 11. மிகப் பெரிய பங்கு, 41 சதவீதம், யாரும் வீட்டில் பேசாத ஒரு வகை: உடலின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு, ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்கு மாற்றும்போது கணக்குத் தப்பியவர்கள். யாரோ கூப்பிடத் திரும்புவது, நாற்காலியைப் பார்த்து முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காரப் போவது, மேஜையில் இருப்பதை எட்டி எடுப்பது. இதிலெல்லாம் இளைஞருக்குக் கவனமே தேவையில்லை. வயதானவருக்கு மேல் உடம்பு திரும்பி முடித்துவிடும். பாதம் பழைய இடத்திலேயே இருக்கும். விழுந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற பட்டியல் இன்னும் வினோதம். முன்னோக்கி நடந்துகொண்டிருந்தவர்கள் 24 சதவீதம். சும்மா நின்றுகொண்டிருந்தவர்கள் 13. உட்காரப் போனவர்கள் 12. ஆக, நிற்பதும் உட்காருவதும் சேர்ந்து நடையை முந்திவிடுகின்றன.

இந்த எண்களை அப்படியே நம் வீட்டுக்கு இறக்குமதி செய்யக் கூடாது. அது தரையில் தண்ணீர் புழங்காத நாட்டின் முதியோர் இல்லம்; குளியலறையில் கேமரா வைக்க முடியாது, வைக்கவும் இல்லை. காலையில் வாசல் தெளித்து, பாத்திரம் துலக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் புழங்கும் நம் வீடுகளில் வழுக்கலின் பங்கு கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் ராபினோவிச்சின் கேமராக்கள் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டன. விழுவது என்பது தரை மட்டும் செய்யும் குற்றமல்ல.

நிற்பதே ஒரு வித்தை. சின்னப் பிள்ளைகள் விளக்குமாற்றுக் குச்சியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடுவார்கள். குச்சி சாயும் பக்கம் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் குச்சி விழும். மனிதன் நிற்பதும் அப்படித்தான். அசையாமல் நிற்பதாக நினைக்கிறோம். உண்மையில் கணுக்கால் தசைகள் நொடிக்கு நொடி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று மூளைக்குத் தகவல் கொடுக்க மூன்று பேர் இருக்கிறார்கள்: கண், உட்காதின் சமநிலை உறுப்பு, பாதத்திலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர் நரம்புகள். வயதில் மூன்றும் மங்குகின்றன. நீரிழிவு சேர்ந்துகொண்டால் பாதம் மரத்து, மூன்றாவது ஆள் பேசுவதையே நிறுத்திவிடுகிறார். கூடவே தசையிலும் ஒரு மாற்றம். மெதுவாகச் சுருங்கி வெகுநேரம் தாங்கும் இழைகளைவிட, சட்டென்று சுருங்கும் வேக இழைகள் முதுமையில் அதிகமாக மெலிகின்றன. தாத்தாவால் இரண்டு கிலோமீட்டர் நடக்க முடியும். இடறும்போது ஒரு காலை அரை நொடிக்குள் முன்னே வைக்கத்தான் முடியாது.

இடறுவதற்கும் பெரிய தடை தேவையில்லை. நடக்கும்போது முன்னே வீசும் காலின் பெருவிரல் தரைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் போகிறது என்று அளந்திருக்கிறார்கள். மிகத் தாழ்ந்த கட்டத்தில் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர். மிதியடியின் மடங்கிய ஓரம், கிரைண்டரின் வயர், பால்கனிக் கதவின் அலுமினியத் தண்டவாளம், ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே கொத்தனார் விட்டுவைத்த முக்கால் அங்குல மேடு, எல்லாமே அந்த உயரம்தான். பழைய வீடுகளின் முழங்கால் உயர வாசற்படி இதைவிடப் பத்திரமானது என்பது என் கட்சி. அதைத் தாண்டும்போது ஆள் நின்று, நிலையைப் பிடித்து, காலைத் தூக்கித்தான் வைப்பார். முக்கால் அங்குலத்துக்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை.

*

2023 பிப்ரவரி 4 அன்று பின்னணிப் பாடகி வாணி ஜெயராம், சென்னை நுங்கம்பாக்கத்தில் தம் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 77. பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டு பத்து நாட்கள்தான் ஆகியிருந்தன. கணவர் மறைந்தபின் தனியாக வாழ்ந்துவந்தார். காலையில் வீட்டுவேலைக்கு வந்த பெண் அழைப்பு மணியை அடித்துப் பார்த்தும் பதில் இல்லை. உறவினர்கள் வந்து, கதவு திறக்கப்பட்டபோது படுக்கையறைத் தரையில், நெற்றியில் காயத்துடன் கிடந்தார். கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த தாழ்வான டீப்பாயில் தலை மோதியிருக்கிறது என்பதும், வேறு சந்தேகத்துக்கு இடமில்லை என்பதும் காவல்துறையின் முடிவு.

பாத்ரூம் இல்லை, மாடிப்படி இல்லை. படுக்கையறை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே, முழங்கால் உயரத்தில், கண்ணாடிப் பரப்பும் கூர் விளிம்புமாக ஒரு மேஜை எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. மருந்து டப்பா, தண்ணீர்ச் செம்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம் அதன் மேல்தான். விழுபவரின் கை தரைக்கு முன்னால் நீளும் என்று நம்பலாம். கனடாக் காட்சிகளிலும் பெரும்பாலோர் கையை நீட்டத்தான் செய்தார்கள். ஆனால் முதிய கையின் பலம் விழும் உடலை நிறுத்தப் போதவில்லை. விழுந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குத் தலை எதன் மீதாவது மோதியது.

தனியாக இருப்பவர் விழுந்தால் இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பர்மிங்ஹாமின் முதியோர் மருத்துவர் பெர்னார்ட் ஐசக்ஸும் அவரது சகாக்களும், வீட்டில் விழுந்த முதியவர்களைப் பின்தொடர்ந்து 1981 இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவர்களில் பாதிப் பேர் ஆறு மாதங்களுக்குள் இறந்துபோயிருந்தார்கள். ஒரே பக்கமாக அழுத்திக் கிடக்கும் தசை நசுங்கிச் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது, உடல் வறள்கிறது, குளிர்கிறது, நுரையீரலில் சளி கட்டுகிறது. எலும்பு உடைந்தால்தான் எழ முடியாது என்று நினைப்போம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மேரி டினெட்டி கணக்கெடுத்தபோது, விழுந்தும் காயமே படாதவர்களில் 47 சதவீதம் பேரால் பிறர் உதவியின்றி எழ முடியவில்லை.

டினெட்டியின் பெயர் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும். 1980கள் வரை விழுதலுக்கு மருத்துவர்கள் ஒற்றைக் காரணம் தேடினார்கள்: இதயமா, மூளையா, காதா? எதுவும் அகப்படாவிட்டால் வயது. டினெட்டி நியூ ஹேவனில் 75 வயது தாண்டிய 336 பேரை ஓராண்டு கவனித்தார். மூன்றில் ஒருவர் விழுந்தார். தூக்க மாத்திரை, நினைவுத் தடுமாற்றம், கால் பலவீனம், பாதக் கோளாறு, நடையில் தள்ளாட்டம் என்று ஆபத்துக் காரணிகளை எண்ணினார். ஒன்றுமே இல்லாதவர் விழும் வாய்ப்பு 8 சதவீதம். நான்கும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 78 சதவீதம். அதாவது எந்த ஒன்றும் தனியாக ஆளைத் தள்ளுவதில்லை. சில்லறை சில்லறையாகச் சேர்ந்து தள்ளுகின்றன. அப்படியானால் எந்தச் சில்லறையைக் குறைத்தாலும் லாபம்தான். 1994 இல் அதையும் சோதித்துக் காட்டினார். மாத்திரையைச் சரிசெய்தும், உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தும், வீட்டைத் திருத்தியும் கவனித்த குழுவில் ஓராண்டில் 35 சதவீதம் பேர் விழுந்தார்கள். கவனிக்கப்படாத குழுவில் 47.

*

எல்லோரும் பயப்படும் அந்த அறைக்குள் இப்போது போகலாம்.

அடுக்ககக் குளியலறை. வெஸ்டர்ன் கமோடிலிருந்து எழும் பெரியவரின் கை எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு கை வாஷ்பேசினின் விளிம்புக்கு. இன்னொரு கை சுவரில் பளபளக்கும் துண்டுக் கம்பிக்கு. அந்தக் கம்பியைத் தாங்குவது இரண்டே இரண்டு சிறிய திருகுகள். ஈரத் துண்டின் பாரத்துக்காக டைல்ஸில் துளையிட்டு, பிளாஸ்டிக் அடைப்பில் முடுக்கியவை. அறுபது கிலோ மனிதர் தம் முழுப் பாரத்தையும் தினம் ஐந்து தடவை அதில் தொங்கவிடுகிறார். என்றாவது ஒருநாள் கம்பி, திருகு, டைல்ஸ் துண்டு, பெரியவர் எல்லாம் சேர்ந்து கீழே வரும். பிறகு சொல்வார்: வழுக்கிடுச்சு.

வேண்டியது கைப்பிடிக் கம்பி. துண்டுக் கம்பியைவிடத் தடிமனாக, கைப்பிடிக்குள் அடங்கும் பருமனில், ஈரக்கை வழுக்காத சொரசொரப்போடு, டைல்ஸைத் தாண்டிச் செங்கல் சுவருக்குள் நீளத் திருகுகளால் இறக்கியது. கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. மாட்டிய அன்றே வீட்டில் இருப்பதிலேயே கனமான ஆளைப் பிடித்துத் தொங்கச் சொல்லிச் சோதித்துவிட வேண்டும். உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் கிண்ணம் வைத்த பிடிகள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. துளையிட வேண்டாம் என்பதுதான் அதன் விற்பனை மந்திரம். துளை இல்லாததே அதன் குறையும்.

நாம் குளிக்கும் முறையையும் யோசிக்க வேண்டும். ஷவரில் நிற்பவர் நிற்கிறார், அவ்வளவுதான். வாளியில் மொண்டு குளிப்பவர் குனிகிறார், நிமிர்கிறார், குவளையைத் தலைக்கு மேல் தூக்குகிறார். சோப்பு நுரை கண்ணில் படாமலிருக்க இத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார். மூளைக்குத் தகவல் கொடுத்த மூவரில் முதல் ஆளுக்கு அந்த நேரத்தில் விடுமுறை. பாதத்தின் அடியில் ஈரமும் நுரையும். மிச்சமிருப்பது உட்காது ஒன்றுதான். நான்கு கால்களிலும் ரப்பர் குப்பி போட்ட உறுதியான ஸ்டூலில் உட்கார்ந்து, வாளியை இன்னொரு ஸ்டூல் மேல் ஏற்றிவைத்துக்கொண்டால் குனிவதும் இல்லை, விழ உயரமும் இல்லை. அந்தக் காலத்தில் மணை போட்டு உட்கார்ந்துதான் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள் என்பதை நினைவூட்டினால் பெரியவர்களுக்கு ஸ்டூல் அவமானமாகப் படாது.

இன்னொரு சங்கதி தாழ்ப்பாள். நம் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் உள்பக்கமாகத் திறப்பவை. உள்ளே விழுந்தவரின் உடலே கதவுக்கு முட்டுக்கட்டையாகிவிடும். வெளியிலிருந்து தள்ளினால் அவர் மேல்தான் இடிக்கும். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை. அதுவரை, தாழ் போடாமல் சாத்திக்கொண்டு போவதாக ஓர் ஒப்பந்தம் போதும். மானப் பிரச்சினை என்றால் கதவின் வெளியே ஒரு துண்டைத் தொங்கவிட்டால் ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

இப்படிச் சின்னச் சின்ன மராமத்து உண்மையில் பலன் தருமா? நியூசிலாந்தின் தரனாக்கி வட்டாரத்தில் மைக்கேல் கீல் என்பவரின் குழு 842 வீடுகளை எடுத்து, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி வீடுகளுக்கு மாடிப்படிக் கைப்பிடி, குளியலறைக் கம்பி, வெளி விளக்கு, படி விளிம்புகளில் எடுப்பான பட்டை, வழுக்காத தரைப்பூச்சு. மற்ற வீடுகளுக்கு இதெல்லாம் ஆய்வு முடிந்த பிறகு. செலவு வீட்டுக்குச் சராசரியாக 560 நியூசிலாந்து டாலர். 2015 இல் வெளியான முடிவு: வீட்டில் விழுந்து காயம்படுவது 26 சதவீதம் குறைந்தது. ஒரு தச்சரும் ஒரு எலக்ட்ரீஷியனும் ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகக்கூடிய வேலைக்கு இந்தப் பலன் சாதாரணமல்ல.

*

நடுராத்திரி இரண்டு மணி. சிறுநீர் முட்டுகிறது. பெரியவர் விருட்டென்று எழுந்து நிற்கிறார். எழுந்த நொடியில் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களிலும் அடிவயிற்றிலும் இறங்கிவிடுகிறது. இளமையில் கழுத்து ரத்தக்குழாயில் உள்ள அழுத்த உணரிகள் உடனே மணியடித்து, இதயத்தை முடுக்கி, குழாய்களை இறுக்கிச் சமாளிக்கும். முதுமையில் மணி தாமதமாக அடிக்கிறது. மூளைக்கு ரத்தம் குறைந்து, கண் இருட்டி, கால் துவள்கிறது. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியாவது, அல்லது கீழ் அழுத்தம் 10 புள்ளியாவது இறங்கினால் அது மருத்துவக் கணக்கில் ஒரு கோளாறு. நாற்காலியில் உட்காரவைத்து ஒரே ஒரு தடவை பிரஷர் பார்த்தால் இது பிடிபடாது. படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்றபிறகு ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் வீக்க மாத்திரை, தூக்க மாத்திரை மூன்றும் ஒரே ஆளின் டப்பாவில் இருப்பது இன்று சர்வசாதாரணம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மருத்துவர் எழுதியிருப்பார். நியூசிலாந்தின் ஜான் கேம்பெல், 65 வயது கடந்த 93 பேரிடம் ஒரு துணிச்சலான சோதனை செய்தார். தூக்கத்துக்கும் மனநிலைக்கும் மாத்திரை எடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, அவர்களின் சம்மதத்தோடு, மருந்தின் அளவை மெதுவாகக் குறைத்து வெற்று மாத்திரையில் கொண்டுபோய் நிறுத்தினார். விழுவது 66 சதவீதம் குறைந்தது. எந்தக் கம்பியும் எந்தப் பயிற்சியும் தராத பலன். ஆனால் வெற்று மாத்திரையிலேயே பல மாதம் இருந்த 17 பேரில் 8 பேர், ஆய்வு முடிந்த ஒரே மாதத்தில் பழைய மாத்திரைக்கே திரும்பிவிட்டார்கள். (இதைப் படித்துவிட்டுத் தானாக மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து, பல ஆண்டு எடுத்த தூக்க மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம். டப்பாவோடு மருத்துவரிடம் போவதே வழி.)

ஜப்பானில் இதே ரத்த அழுத்தக் கூத்து வேறு வேடத்தில் வருகிறது. குளிர்காலத்தில் சில்லென்ற அறையில் உடை களைந்து, சுடுநீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்வது அவர்கள் வழக்கம். குளிரில் ஏறிய அழுத்தம் சூட்டில் சரிந்து, தொட்டியிலேயே மயங்கிவிடுகிறார்கள். அங்கே வீட்டுத் தொட்டியில் மூழ்கி இறக்கும் முதியவர்கள், சாலை விபத்தில் இறக்கும் முதியவர்களைவிட அதிகம். நீரின் சூடு 41 டிகிரியைத் தாண்டக் கூடாது, பத்து நிமிடத்துக்கு மேல் ஊறக் கூடாது என்று அரசே அறிவுறுத்துகிறது. நம்மூர் எண்ணெய்க் குளியலில் தொட்டி இல்லை. ஆனால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டுக்கொண்டு, முடிந்ததும் சட்டென்று எழும் வழக்கம் இருக்கிறது.

கண்ணுக்கு வருவோம். அறுபது வயதில் கண்மணி சுருங்கி, லென்ஸ் மஞ்சளேறி, இருபது வயதில் விழித்திரைக்குப் போன ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது. பேரன் "லைட்டுதான் எரியுதே தாத்தா" என்பான். இருவரும் ஒரே அறையில் இல்லை. பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பாதி, புத்தகம் படிக்கும் தூரத்துக்கானது. படி இறங்கும்போது அதன் வழியாகப் பார்த்தால் படியின் விளிம்பு கலங்கும். சிட்னியில் ஸ்டீபன் லார்ட் செய்த ஆய்வில் இவ்வகைக் கண்ணாடி அணிந்தவர்கள் விழும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் இருந்தது. நாட்டிங்ஹாமில் ரோவன் ஹார்வுட், கண்புரை இருந்த 306 முதிய பெண்களில் ஒரு பாதியினருக்குக் காத்திருக்க வைக்காமல் உடனே அறுவை செய்யவைத்தார்; அவர்கள் விழுவது 34 சதவீதம் குறைந்தது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976 இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பார்வைக்காகவே லட்சக்கணக்கில் கண்புரை அறுவை செய்துவருகிறது. எத்தனை இடுப்பெலும்புகளை அது சேர்த்துக் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் எண்ணியதில்லை.

ஸ்வீடனின் லில்லெமோர் லுண்டின்-ஓல்சன் 1997 இல் செய்த சோதனைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. முதியோர் இல்லத்தில் 58 பேருடன் ஒவ்வொருவராக நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்ல நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதங்களில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். நடையே முழுக் கவனத்தையும் தின்றுவிடுகிறது. பேச்சுக்கு மிச்சம் இல்லை. வீட்டுப் பெரியவரிடம் இதை இன்று மாலையே பார்த்துவிடலாம். பேச நிற்பவராக இருந்தால், ஹாலில் செல்போன் அடிக்கும்போது சமையலறையிலிருந்து அவர் ஓடி வருவது எவ்வளவு ஆபத்து என்பது விளங்கும். போனைக் கழுத்தில் மாட்டிவிடலாம். அல்லது, இரண்டு ரிங்கில் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்வதை வெளியூர்ப் பிள்ளைகள் நிறுத்தலாம்.

*

இனி, மகனின் வாக்கியம். "சும்மா உட்காருங்க."

2007 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி வயது 67 உள்ள நல்ல ஆரோக்கியமான 12 பேரைப் பத்து நாள் படுக்கையில் படுக்கவைத்தார்கள். நோய் இல்லை, காயம் இல்லை, சாப்பாடு வேளாவேளைக்கு. பத்தாம் நாள் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை காணாமல் போயிருந்தது. நம் வீடுகளில் அன்பு என்ற பெயரில் நடப்பதும் இதன் நீண்ட வடிவம்தான். ஒரு தடவை இடறினார் என்பதற்காகக் கடைக்குப் போவது நிற்கிறது; பிறகு மாடி ஏறுவது; பிறகு பூஜையறைக்கு நடப்பதுகூட. தண்ணீர்ச் செம்பு கைக்கே வருகிறது. விழுந்த பயம் அவருக்குள்ளும் இருப்பதால் அவரும் மறுப்பதில்லை. தொடை மெலிகிறது, பயம் கூடுகிறது. என்றாவது ராத்திரி கழிப்பறைக்கு எழுந்தாக வேண்டும். அன்று தாங்க அந்தத் தொடை இருக்காது.

கேம்பெல் இதற்கு மாற்று மருந்தையும் சோதித்தார். ஒடாகோ பயிற்சி என்று இன்று உலகமெங்கும் அறியப்படும் அது, ஜிம் இல்லாதது. ஓர் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார். கணுக்காலில் சிறு எடை கட்டி முழங்காலை நீட்டுவது, மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, ஒரு பாதத்தின் விரலுக்கு முன் மறு பாதத்தின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடப்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. வாரம் மூன்று நாள் அரைமணி, இடையில் இரண்டு நாள் நடை. இதில் சேர்ந்த 233 பெண்களும் எண்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். நம் வீட்டில் "பாட்டிய நகர விடாதே" என்போமே, அந்த வயது. ஓராண்டில் பயிற்சி செய்யாத குழு 152 முறை விழுந்தது. செய்த குழு 88.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு புதிதல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978 இல் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் வ.செ. நடராசன், முதியவர்கள் கீழே விழுவதைப் பற்றித் தமிழிலேயே எழுதியும் பேசியும் வந்திருக்கிறார். 2011 கணக்கெடுப்பிலேயே மாநில மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர். இன்று விகிதம் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் புதிதாகக் கட்டும் வீட்டில் மாடுலர் கிச்சனுக்கு ஒதுக்கும் யோசனையில் நூறில் ஒரு பங்குகூடக் குளியலறைக் கம்பிக்குப் போவதில்லை.

இத்தனைக்கும் பிறகும் சிலர் விழத்தான் செய்வார்கள். ஆகவே நடக்கப் பழக்குவதுபோல் எழவும் பழக்க வேண்டும். மருத்துவர் அனுமதித்தால், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, மெத்தை விரித்த தரையில் ஒத்திகை பார்க்கலாம். விழுந்ததும் உடனே எழ முயலக் கூடாது. மூச்சு வாங்கிக்கொண்டு, கை கால் அசைகிறதா, இடுப்பில் கடும் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலி இருந்தால் அப்படியே கிடந்து, எட்டுகிற துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு குரல் கொடுப்பது, தரையைத் தட்டுவது. வலி இல்லையென்றால் ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையை ஊன்றி, மெல்ல மண்டியிட்ட நிலைக்கு வர வேண்டும். குழந்தைபோல் தவழ்ந்து, பக்கத்தில் அசையாத நாற்காலியோ கட்டிலோ எதுவோ அதனிடம் போக வேண்டும். இரு கைகளையும் அதன் மேல் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, கையையும் அந்தக் காலையும் ஒருசேர அழுத்தி எழும்பி, உடலைத் திருப்பி உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் இரண்டு நிமிடம் அப்படியே. தண்ணீர் பக்கத்தில் இருந்தால் ஒரு வாய். அதன் பிறகு போன்: "ஒண்ணுமில்ல, விழுந்துட்டேன். எழுந்து உட்கார்ந்துட்டேன்."